கை எங்கிருந்து கிளம்புகிறது

நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் எனக்கு முதல் வேலை, நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது. சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து முகம் இருண்டுவிடும். சாட்சிக்கு என் கை தெரியும், முகம் தெரியாது. முகம் தெரியாவிட்டால் நான் கேட்பது கேள்வியா, சொல்வது செய்தியா என்று அவருக்குப் பிடிபடாது. சாட்சியின் கை நீதிபதியின் கண்ணுக்கு மறையவும் கூடாது. நடந்துகொண்டே குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞரிடம், எங்கள் இருவருக்கும் நடுவில் வர வேண்டாம் என்று முன்னதாகவே கேட்டுக்கொள்வேன். பூப்போட்ட புடவை கட்ட மாட்டேன். கை தனித்துத் தெரிய ஒரே நிறத் துணிதான் வேண்டும். வளையலும் மோதிரமும் கைப்பைக்குள் போய்விடும்.

நான் சைகைமொழிப் பெயர்ப்பாளர். ஊர் பாளையங்கோட்டை. அப்பா, அம்மா இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. என் தாய்மொழி எது என்று யாராவது கேட்டால் சைகைமொழி என்றே சொல்வேன். தமிழை ஆச்சியிடமும் தெருவிலும் கற்றுக்கொண்டேன். பிறகு முறையான பட்டயப் படிப்பும் முடித்து, காவல் நிலையம், வங்கி, மருத்துவமனை, கல்யாண மண்டபம், பெண் பார்க்கும் வீடு என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய்வருகிறேன். இத்தனை இடங்களைப் பார்த்தபின் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரே கேள்விதான். இரண்டு பேர் பேசிக்கொள்ளப் பேச்சு, எழுத்து, சைகை, தொடுகை, படம் என்று எத்தனையோ வழிகள் உண்டு. இன்றைக்கு எந்த வழியில் பேசுவது என்று முடிவு செய்கிறவர் யார்? பெரும்பாலும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர். அநியாயம் அங்கேதான் தொடங்குகிறது.

பாளையங்கோட்டையில் எங்களுடையது அதிசயமான குடும்பம் இல்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்கு அஸ்க்வித் அம்மையாரும், காது கேளாத பிள்ளைகளுக்கு ஃபிளாரன்ஸ் சுவெயின்சன் அம்மையாரும் இங்கே பாடம் சொல்லித்தரத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். காது கேளாதோருக்கான பள்ளி என்று அப்போது இந்தியாவில் சொல்லும்படி இருந்தவை பம்பாயிலும் கல்கத்தாவிலும்தான். அதற்கு அடுத்து தாமிரபரணிக் கரையிலே ஒன்று. எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் படிக்க வந்தார்கள். வளர்ந்து, தையலோ தச்சோ அச்சுக்கோப்போ கற்று, தங்களுக்குள் கல்யாணம் முடித்து, பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்து டீக்கடை அண்ணாச்சிக்குச் சீனி வேண்டாம், ஸ்ட்ராங்காக, அரை டீ என்பதற்கெல்லாம் சைகை தெரியும். அவருக்கு யாரும் வகுப்பு நடத்தவில்லை. வந்துபோகிற வாடிக்கையாளர்களைப் பார்த்துப் பழகிக்கொண்டார். அப்பாவும் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். இயந்திர இரைச்சல் உறைக்காது என்பதால் அந்த நாளில் அச்சகங்களில் காது கேளாதவர்களை விரும்பி வேலைக்கு எடுப்பார்கள்.

எங்கள் வீட்டில் பேச்சு நாலு விதமாக நடந்தது. அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் பேசியது முழுமையான ஒரு மொழி. ஆச்சிக்கு அந்த மொழி வராது. மகனோடு பேச அவளாகவே சில சைகைகளை உண்டாக்கி வைத்திருந்தாள். மூக்குத்தியைத் தொட்டால் அத்தை. நெற்றியில் மூன்று விரலை இழுத்தால் நெல்லையப்பர் கோயில். உழக்கைக் கவிழ்ப்பதுபோல் காட்டினால் அரிசி தீர்ந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் வாயை அகலத் திறந்து, சத்தத்தையும் கூட்டிப் பேசுவார்கள். அவசரத்துக்குச் சிலேட்டுப் பலகை. இந்த நாலையும் ஒன்றென்று நினைக்கிறவர்கள் இன்றும் அதிகம். ஆச்சியின் சைகையால் கண்ணெதிரே இருக்கிற பொருளைக் காட்டலாம். வேண்டும், வேண்டாம் சொல்லலாம். ‘போன வருஷம் தீபாவளிக்கு போனஸ் வந்திருந்தால் கடனை அடைத்திருப்பேன்’ என்று சொல்ல முடியாது. அப்பாவின் மொழியில் அதைச் சொல்லலாம். அவர் சொல்லி நான் பார்த்திருக்கிறேன்.

அந்த மொழியில் காலம் முதலில் வந்து நிற்கும். யார், எது என்பது அடுத்து. வினை கடைசியில். ‘யார்’, ‘என்ன’ போன்ற கேள்விச் சொல் எல்லாவற்றுக்கும் பின்னால். சைகை என்றால் உலகத்துக்கே ஒன்றுதான் என்று எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் ஒன்று, இங்கிலாந்தில் வேறொன்று, இந்தியாவில் இன்னொன்று. இந்தியாவுக்குள்ளும் வட்டாரத்துக்கு வட்டாரம் சொல் மாறும். டெல்லி, கல்கத்தா, பம்பாய், பெங்களூர் சைகைகளை ஒப்பிட்டு 1970களின் கடைசியில் ஓர் ஆய்வு நடந்தது. சொற்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு பொதுவாக இருப்பது அதில் தெரியவந்தது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் காது கேளாதோருக்கான செய்தி வரும். டெல்லிக்காரர்களின் கையை அப்பா உன்னிப்பாகப் பார்ப்பார். புரியாத சைகை வந்தால் முன்பின் வைத்து ஊகித்துவிடுவார். பெரிய அளவில் அகராதி வர 2018 ஆயிற்று. டெல்லியில் 2015இல் அமைந்த இந்திய சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் முதலில் 3,000 சொற்களோடு வெளியிட்டது. 2021இல் அது 10,000 சொற்களாக வளர்ந்தது.

முகத்தைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். காது கேட்கிறவர்களுக்கு முகம் என்றால் உணர்ச்சி. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. எங்கள் மொழியில் முகத்துக்கு இலக்கண வேலையும் உண்டு. ‘நீ’, ‘சாப்பாடு’, ‘முடிந்தது’ என்ற மூன்று சைகைகளை முகம் அசையாமல் செய்தால் ‘நீ சாப்பிட்டுவிட்டாய்’. புருவம் உயர்ந்து, கண் விரிந்து, தலை கொஞ்சம் முன்னே வந்தால் ‘சாப்பிட்டாயா?’. கடைசியில் தலையை இடவலமாக ஆட்டினால் இல்லை என்றாகிவிடும். பார்த்துக்கொண்டிருப்பவரின் முகத்துக்கும் வேலை இருக்கிறது. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவாரே, அதுபோலக் கண்ணாலும் தலையாலும் ‘ஆமா’ போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுத்தால் பேச்சு அறுந்தது. எங்கள் வீட்டில் யாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு அடுத்தவர் பேச்சைக் கேட்டதில்லை.

பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அப்பாவுக்காக நான் ரேஷன் கடையில் பேசினேன். கடைக்காரர் அப்பாவைப் பார்க்க மாட்டார். “ஏட்டி, ஒங்கப்பா என்ன சொல்லுதாரு?” என்று என்னைத்தான் கேட்பார். கார்டும் பணமும் அப்பா கையில் இருக்கும். பேச்சும் பார்வையும் பாவாடை கட்டிய சிறுமியிடம் இருக்கும். அப்பாவின் முகத்தில் அப்போது வந்து போனதை நான் மறக்கவே இல்லை. தொழிலுக்கு வந்தபின் நான் விட்டுக்கொடுக்காத விதி அங்கிருந்து வந்தது. நான் இருக்கும் அறையில் யாரும் “அவர்கிட்ட கேளுங்க” என்று சொல்லக் கூடாது. அவரைப் பார்த்து நேராகவே கேட்க வேண்டும். நானும் ‘அவர் சொல்கிறார்’ என்று சொல்ல மாட்டேன். ‘நான் அன்றைக்கு வீட்டில் இருந்தேன்’ என்று சாட்சியின் கை சொன்னால், என் வாயும் ‘நான்’ என்றுதான் சொல்லும். அந்த ‘நான்’ அவருடையது.

“வாயசைவைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட மாட்டாங்களா?” என்று கேட்காத அலுவலகம் இல்லை. கண்ணாடி முன் நின்று ‘பாடு’ என்றும் ‘மாடு’ என்றும் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். பணம், மணம், மனம் மூன்றும் அப்படித்தான். ககரமும் ஙகரமும் தொண்டைப் பக்கம் பிறப்பவை, உதட்டில் வருவதே இல்லை. மீசை மறைக்கும், வெற்றிலை போட்டவர் வாய் வேறு மாதிரி அசையும், திரும்பிப் பேசினால் எதுவுமே கிடைக்காது. 2020இல் எல்லோரும் முகக்கவசம் போட்டபோது அம்மாவுக்கு இருந்த அந்தக் கொஞ்சப் பிடிப்பும் போயிற்று. காய்கறிக்காரி விலை சொல்வதுகூட அவளுக்குத் தெரியாமல் ஆனது.

இந்த உதட்டுப் பிடிவாதத்துக்கு ஒரு நாள், ஒரு ஊர் உண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி உலக மாநாடு கூடியது. வகுப்பில் சைகையைவிடப் பேச்சே மேலானது, பேச்சுமுறையிலேயே சொல்லித்தர வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கையைத் தூக்கித் தீர்மானித்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே காது கேட்பவர்கள். அதன் நிழல் உலகம் முழுக்க விழுந்தது. என் அம்மா வேறு மாவட்டத்தில் படித்தாள். வகுப்பில் சைகை செய்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வார்களாம். ‘ப’ சொல்ல, முகத்துக்கு முன்னே காகிதத் துண்டைப் பிடித்து அது அசையும்வரை ஊத வைப்பார்களாம். பத்துப் பன்னிரண்டு வயது வரை அவளுக்குக் கிடைத்த பாடம் அதிகமும் ஒலிகள். உலகத்தைப் பற்றி அவள் தெரிந்துகொண்டது விடுதியில், விளக்கணைக்கும் முன்பு, மூத்த பெண்களின் கைகளைப் பார்த்து. 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாடு மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நடுவே 130 ஆண்டுகள் போய்விட்டன.

உதட்டை விட்டால் அடுத்ததாகக் காகிதத்தை நீட்டுவார்கள். எழுதிக் கொடுத்துவிட்டோமே, இன்னும் என்ன என்பார்கள். ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். ரத்தப் பரிசோதனைக்கு வரச்சொல்லி ஒரு பெண்ணுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள்: ‘நாளை காலை வெறும் வயிற்றில் வரவும்.’ அவளுக்கு ‘நாளை’ தெரியும், ‘காலை’ தெரியும், ‘வயிறு’ தெரியும், ‘வரவும்’ தெரியும். ‘வெறும்’ தெரியாது. வயிற்றில் ஏதோ கோளாறு, அதற்காகத்தான் வரச்சொல்லியிருக்கிறார்கள் என்று இரவெல்லாம் பயந்து, காலையில் நாலு இட்லி சாப்பிட்டுத் தெம்பாக வந்து நின்றாள். படித்தவள்தானே, இதுகூடப் புரியவில்லையா என்று திட்டு வாங்கினாள். காது கேட்கும் குழந்தை பள்ளிக்கு வரும் முன்பே தமிழைப் பல்லாயிரம் மணி நேரம் கேட்டிருக்கும். அதன்பிறகுதான் எழுத்து. பிறவியிலேயே கேளாத பிள்ளைக்குத் தமிழ் எழுத்தாகவே வந்து சேர்கிறது. வேற்றுமை உருபும் சந்தியும் கண்ணால் மட்டுமே கற்க வேண்டியவை. நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த காது கேளாதவர்கள் இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் காகிதம் கேட்டால் கொடுக்க வேண்டும். கேட்காதவர் கையில் திணிக்கக் கூடாது.

சட்டம் இதில் நம் அலுவலகங்களைவிட முன்னே நிற்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தொடர்பு என்பதற்கு விளக்கம் சொல்லும்போது மொழிகள், எழுத்து, பிரெயில், தொடுகை, சைகைமொழி, பெரிய எழுத்து அச்சு, எளிய நடை, படித்துக் காட்டும் ஆள் என்று எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. எதுவும் மேல், எதுவும் கீழ் என்று அதில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் காது கேளாமை உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அவர்களில் எத்தனை பேருக்கு அந்த வரிசையிலிருந்து ஒன்றைத் தாமே தேர்ந்தெடுக்கும் நிலைமை வாய்த்திருக்கும்?

நீதிமன்றத்துக்கு வருகிறேன். பேச இயலாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ சாட்சியம் சொல்லலாம், திறந்த நீதிமன்றத்தில் அப்படிச் சொன்னது வாய்மொழிச் சாட்சியமாகவே கருதப்படும் என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டமே சொல்லிவிட்டது. அந்தக் காலத்து ஆட்கள் இதை எழுதி வைத்தார்களே என்று நான் ஒவ்வொரு முறையும் வியப்பேன். 2013இல் வந்த திருத்தம், அத்தகைய சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளரோ சிறப்பாசிரியரோ துணை இருக்க வேண்டும், சாட்சியத்தை வீடியோவில் பதிய வேண்டும் என்று சேர்த்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இது இருக்கிறது. வீடியோ மிகவும் முக்கியம். என் பெயர்ப்பு தவறு என்று யாராவது சொன்னால் சாட்சியின் கையையே திரும்பப் பார்க்கலாம்.

அங்கே வரும் சிக்கல்கள் வேறு எங்கும் வராது. தமிழில் ‘அடி விழுந்தது’ என்று சொல்லலாம். யார் அடித்தது என்று சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். சைகைமொழியில் அடிக்கிற கை ஓர் இடத்திலிருந்து கிளம்பி இன்னோர் இடத்தில் போய் விழ வேண்டும். கிளம்புகிற இடம் ஒருவர், விழுகிற இடம் இன்னொருவர். “உங்களுக்கு அடி விழுந்ததா?” என்று வழக்கறிஞர் கேட்டால், நான் கையை எங்கிருந்து கிளப்புவது? எதிரி நிற்கும் பக்கத்திலிருந்து கிளப்பினால் பதிலை நானே ஊட்டிவிட்டேன் என்றாகும். ஆகவே நிறுத்தி, நீதிபதியிடம் இந்தக் கேள்வியை இப்படியே பெயர்க்க இயலாது என்று காரணத்தோடு சொல்லி, “உங்கள் உடம்புக்கு என்ன நடந்தது?” என்று கேட்க அனுமதி வாங்குவேன். ஆயுதம் இன்னும் சிக்கல். கத்திக்கு உரிய சைகையிலேயே கத்தியின் வடிவமும் வெட்டும் தெரியும்; அரிவாளுக்கு வளைவு தெரியும். ‘என்ன ஆயுதம்?’ என்பதை எந்த வடிவமும் காட்டாமல் கேட்டாக வேண்டும். “வீட்டுக்குப் போகவில்லை, அப்படித்தானே?” என்ற கேள்விக்குச் சாட்சி தலையை ஆட்டினால் அது போகவில்லை என்பதற்கு ஆமாவா, போனேன் என்பதற்கு ஆமாவா? தமிழிலும் இது குழப்பம்தான். தமிழ்ச் சாட்சி குழம்பினால் நீதிபதிக்குக் காதில் கேட்கும். கையில் குழம்பினால் நான்தான் சொல்ல வேண்டும். சொல்கிறேன். இதனால் ஒரு சாட்சிக்கு ஆகும் நேரம் இரண்டு மடங்கு. சில நீதிபதிகள் பொறுமையாக அந்த நேரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். 2023 செப்டம்பரில் சாரா சன்னி என்ற காது கேளாத இளம் வழக்கறிஞர் சைகைமொழிப் பெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் வாதிட்ட செய்தி வந்தபோது அம்மா அந்த வீடியோவைத் தெரு முழுக்கக் காட்டினாள். கூண்டில் நிற்பவராக மட்டுமே அவள் பார்த்திருந்த எங்கள் ஆட்களில் ஒருவர் கறுப்பு அங்கி போட்டிருந்தார்.

கையால் பேசுவது வாயில்லாதவர் வேலை என்று நினைப்பவர்களை நம் ஊர் மாட்டுச் சந்தைக்கு அழைத்துப் போகலாம். துண்டுக்கு அடியில் தரகரும் விற்பவரும் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் தொகை இரண்டு பேருக்குள் இருக்கும். நன்றாகக் காது கேட்கும், நன்றாகப் பேசும் மனிதர்கள், ரகசியம் வேண்டும் என்பதற்காகத் தொடுகையைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். அதைக் குறை என்று யாரும் சொல்வதில்லை.

எனக்குப் பிடித்த இரண்டு நண்பர்கள் இருக்கிறார்கள். ஒருவருக்குப் பார்வை இல்லை, இன்னொருவருக்குக் காது கேட்காது. முன்பெல்லாம் காது கேளாதவர், நண்பரின் உள்ளங்கையில் எழுத்து எழுத்தாக வரைவார். நடுவயதில் பார்வை போனவர் என்பதால் அவருக்கு எழுத்து வடிவம் நினைவிருந்தது. அவர் பதிலுக்குக் காற்றில் எழுதிக் காட்டுவார். இப்போது ஒருவர் பேசினால் செல்போன் அதைத் தமிழ் எழுத்தாகக் காட்டுகிறது. மற்றவர் தட்டச்சு செய்தால் போன் படித்துச் சொல்கிறது. இடையில் நான் தேவையே இல்லை. அவர்கள் பேசி முடிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதில் எனக்கு ஒரு நிறைவு.

செல்போன் எங்கள் உலகத்தைப் புரட்டிப்போட்டது உண்மை. 2016க்குப் பிறகு டேட்டா மலிவானதும் வீடியோ அழைப்பு எல்லார் கைக்கும் வந்தது. அதற்கு முன் அப்பாவுக்கு வள்ளியூரில் இருக்கும் நண்பரோடு பேச வேண்டுமென்றால் பேருந்து ஏற வேண்டும். ஆனால் 2023 டிசம்பர் அந்த வழியையும் அறுத்துக் காட்டியது. 17, 18ஆம் தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளிலிருந்து தண்ணீர் திறந்தார்கள். திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையம் முழுகியது. ஆற்றங்கரைத் தெருக்களில் ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். கேட்கிற வீடுகள் கிளம்பின. எங்களுக்கு வேண்டிய ஒரு தம்பதி, பாய் நனைந்தபின் எழுந்தார்கள். மின்சாரம் போயிருந்தது. இருட்டில் சைகை இல்லை. ஒருவர் கையை ஒருவர் பிடித்து, அந்தக் கைக்குள்ளேயே சைகை செய்து, மாடிக்கு என்று முடிவெடுத்தார்கள். செல்போன் டவர்கள் ஓய்ந்ததால் அவர்கள் எனக்கு அனுப்பிய வீடியோ இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது.

அதன்பிறகு நாங்கள் சிலர் சேர்ந்து, சிந்துபூந்துறை, கைலாசபுரம், மீனாட்சிபுரம் பக்கம் காது கேளாதவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். பக்கத்து வீட்டாரில் ஒருவரைப் பிடித்து, ‘தண்ணீர் வருகிறது’, ‘மாடி’, ‘இப்பவே’, ‘மருந்து எடு’, ‘நான் கூட வாரேன்’ என்று சில சைகைகளைச் சொல்லிக்கொடுக்கிறோம். எந்தச் சைகை என்று அந்த வீட்டுக்காரரே தேர்ந்தெடுத்துக் கற்றுக்கொடுப்பார்; நான் ஓரமாக நிற்பேன். இரவில் எழுப்ப வேண்டுமென்றால் கதவைத் தட்டிப் பயனில்லை, சன்னல் வழியாக முகத்தில் டார்ச் அடிக்க வேண்டும், சன்னல் எது, கட்டில் எந்தப் பக்கம் என்றும் காட்டி வைக்கிறோம். கைலாசபுரத்தில் ஒரு மைனி முதல் நாளே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு, “இத்தனை வருஷமா பக்கத்துல இருக்கோம், அவாளுக்குப் புள்ளைய எத்தனைன்னுகூட நான் கேட்டதில்ல” என்று சொல்லி, அதற்கும் சைகை கேட்டாள். காட்டினேன். காது கேளாத அந்த வீட்டம்மாள் இரண்டு விரலை நீட்டி, ஒன்று சென்னையில் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அடுத்த தெருவுக்கு நேரமாகிறதே என்று எனக்குத் தோன்றியது. அவர்கள் முடிக்கிற மாதிரி தெரியவில்லை. நான் மட்டும் கிளம்பினேன்.